கொலைகாரனின் துக்கம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கர்நாடக சங்கீதமும் திரைப்பாடல்களும் கேட்டு வளர்ந்தவன் நான். அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த கன்ட்ரி இசை என்றால் தொப்பி, குதிரை, பீர் என்று ஒதுக்கியே வைத்திருந்தேன். சென்ற மாதம் அலுவலக நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' இசைத்தொகுப்பைக் கேட்டேன். அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. பிறகு வேறு பல கன்ட்ரி பாடல்களைத் தேடிக் கேட்டேன். ஒன்றுகூட மனதில் ஒட்டவில்லை. என் ரசனை விரிந்திருக்கிறதா, அல்லது இது ஒரு தற்செயலா?

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்தக் கதையின் நாயகன் மனைவியையும் அவள் காதலனையும் சுட்டுக் கொல்கிறான். பிறகு குதிரையைத் தொட்டாள் என்று இன்னொரு பெண்ணையும் கொல்கிறான். இப்படிப்பட்டவனுக்காக நான் ஏன் கலங்கினேன்?

கே.

அன்புள்ள கே.,

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஒரு படைப்பு பிடித்துவிட்டது என்பதற்காக அந்த வகை முழுவதும் பிடித்தாக வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. அதிலும் நீங்கள் கேட்டிருப்பது, கன்ட்ரி இசை உலகமே முதலில் தயங்கி நின்று பார்த்த ஒரு தொகுப்பு. 1950-களின் இறுதியிலிருந்து செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்றவர்கள், கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்துத் தயாரிப்பாளர்கள், ஃபிடிலையும் ஸ்டீல் கிடாரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வயலின் கூட்டத்தையும் கோரஸ் குரல்களையும் கொண்டு பாடல்களை மெருகேற்றினார்கள். நகரத்து வானொலி நேயர்களுக்கு அது பிடித்திருந்தது. நெல்சனும் 1960-களில் அந்த மெருகுக்குள் நின்று பாடியவர்தான். பாட்சி க்ளைன் பாடிய 'க்ரேஸி'யை எழுதியவர் என்ற மதிப்பு இருந்தது. பாடகராக அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாஷ்வில்லை விட்டுத் தம் மாநிலமான டெக்சஸுக்கே திரும்பினார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது, எதை எப்படிப் பதிவு செய்வது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

1975 ஜனவரியில், டாலஸ் அருகே கார்லண்ட் என்ற ஊரில், தம்முடைய குழுவை வைத்துச் சில நாட்களில் இதைப் பதிவு செய்து முடித்தார். கேட்டுப் பார்த்த நிறுவனத்து ஆட்கள் இது மாதிரிப் பதிவு என்றே எண்ணினார்கள். மீதி வாத்தியங்கள் எப்போது சேரும் என்பதுதான் அவர்களுடைய கவலை. ஒன்றும் சேரவில்லை. அப்படியே வெளிவந்தது, அந்த ஆண்டே 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெய்ன்' கன்ட்ரி பாடல்களின் விற்பனைத் தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது. பாடகராக நெல்சனுக்குக் கிடைத்த முதல் முதலிடம் அது. ஆகவே நீங்கள் தேடிப் போன மற்ற பாடல்களில் இதே ருசி கிடைக்காததில் வியப்பில்லை. அவற்றில் பெரும்பாலானவை இதிலிருந்து ஒதுக்கப்பட்ட அனைத்தையும் நிறைத்து வைத்திருக்கும்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்ல ஆசை. உங்கள் காதைப் பழக்கியது கர்நாடக இசை என்பதால், நெல்சனின் குரல் உங்களைப் பிடித்துக்கொண்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் தாளத்தின் மேல் நேராக உட்காருவதே இல்லை. சொல்லைச் சற்றுத் தாமதித்து எடுப்பார், சில இடங்களில் முந்திக்கொள்வார், அடி முடிவதற்குள் எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார். தாளத்துக்கு முன்பே பாட்டைத் தொடங்கும் அதீத எடுப்பும் தாளத்துக்குப் பின் தொடங்கும் அனாகத எடுப்பும் கேட்டுப் பழகிய ஒருவருக்கு இந்த விளையாட்டு அந்நியமாக இருக்காது. நம்முடைய முறையில் அதற்குக் கணக்கு உண்டு. இவரிடம் அது பேச்சின் போக்கில் நிகழ்கிறது. கிடாரும் அப்படித்தான். அவருடைய மார்ட்டின் கிடார் நைலான் நரம்புகள் கொண்டது, விரலால் மீட்டுவதற்கென்று செய்யப்பட்டது. அதைப் பிளெக்ட்ரம் என்ற மீட்டும் சில்லைக் கொண்டு வாசித்து வாசித்துப் பலகையிலேயே ஓட்டை விழுந்துவிட்டது. அந்தக் கிடாருக்கு அவர் வைத்த பெயர் ட்ரிகர். ராய் ராஜர்ஸ் என்ற சினிமா கௌபாயின் குதிரையுடைய பெயர்.

இனி உங்களுடைய இரண்டாவது கேள்வி. கடிதத்தைப் படித்தவுடன் தொகுப்பை மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன், இதற்காகவே.

பாடல்களின் வரிசையைக் கவனியுங்கள். மனைவி பழைய காதலனோடு போய்விடுகிறாள். போதகனான அவன் நம்ப முடியாமல் தவிக்கிறான், தேடிக்கொண்டு போகிறான், மொன்டானாவில் ஒரு மதுக்கடையில் இருவரையும் கண்டு கொல்கிறான். அந்தக் கொலை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. முழக்கம் இல்லை, அதிர்ச்சியூட்டும் இசை இல்லை. அடுத்து வருவது எது? 'ப்ளூ ஐஸ்'. மழையில் அழும் நீலக் கண்கள், பிரியும்போது கொடுத்த கடைசி முத்தம், மறுமையில் சந்திப்போம் என்ற நம்பிக்கை. ஃப்ரெட் ரோஸ் எழுதி, 1940-களிலேயே ராய் ஏகஃப் பாடிய பழைய பாட்டு. வானொலியில் தனியாகக் கேட்டவர்களுக்கு அது ஒரு காதல் துயரப் பாட்டு, அவ்வளவுதான். தொகுப்புக்குள் கேட்டால், மனைவியைக் கொன்ற கையின் சூடு இன்னும் ஆறாமல் இருக்கும்போது அந்த மனிதன் பாடுவது. அவள் கண்ணில் நீர் வரக் காரணமும் அவன், அந்தக் கண் மூடக் காரணமும் அவன். யாரோ எழுதிய ஓர் எளிய பாட்டை வேறு எதையும் மாற்றாமல், வைக்கும் இடத்தால் மட்டுமே இவ்வளவு கனமாக்கிவிட முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நீங்கள் கலங்கியது அந்த இடத்தில்தான் என்று ஊகிக்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் செய்தது சரி என்று நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மீள முடியாத ஒன்றைச் செய்துவிட்டவனின் துக்கத்தை மிக அருகில் இருந்து கேட்டீர்கள். ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் குடியேறியவர்கள் கொண்டுவந்த கொலைக் கதைப்பாடல்களில் இது பழைய வழக்கம். பாடுகிறவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

தீர்ப்பைச் சொல்லும் வேலையைப் பல நேரங்களில் ஒலிப்பதிவு எடுத்துக்கொள்ளும். கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1968 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் கைதிகளுக்கு முன் பாடிய இசைத்தட்டு புகழ்பெற்றது. சும்மா சாவதைப் பார்ப்பதற்காக ஒருவனைச் சுட்டேன் என்ற பொருளில் வரும் அடியைத் தொடர்ந்து கைதிகளின் ஆரவாரம் கேட்கும். அது பிறகு சேர்க்கப்பட்டது. அந்த அடியில் உங்களுக்குக் கிளர்ச்சி வர வேண்டும் என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். நெல்சனின் தொகுப்பில் அப்படி எதுவும் நம்மைப் பிடித்து இழுப்பதில்லை. கொலைகள் எல்லாம் முடிந்து இசைத்தட்டின் முதல் பக்கம் நிறையும்போது, 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' என்ற கிறித்தவப் பாடலின் மெட்டு மட்டும், சொற்கள் இல்லாமல், அவருடைய அக்கா பாபியின் பியானோவில் வருகிறது. பாவிகளை அழைக்கும்போது தேவாலயங்களில் பாடுவது அது. அவன் அந்த அழைப்பை ஏற்றானா என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் குதிரைப் பாட்டு, அதாவது தொகுப்புக்குப் பெயர் தந்த 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' பாட்டு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அதை நெல்சன் எழுதவில்லை. எடித் லிண்டமன், கார்ல் ஸ்டட்ஸ் இருவரும் எழுதியது. 1950-களில் டெக்சஸ் வானொலியில் வேலை பார்த்தபோது நெல்சன் அந்த இசைத்தட்டைக் குழந்தைகளுக்காகப் போடுவார், பின்னாளில் தம் பிள்ளைகளைத் தூங்க வைக்கவும் பாடினார். கொலராடோவிலிருந்து ஆஸ்டினுக்குக் காரில் திரும்பும்போது, இந்தப் பாட்டிலிருந்தே ஒரு தொகுப்பு செய்யலாமே என்றவர் அவருடைய அப்போதைய மனைவி கோனி. அந்தப் பாட்டில் குதிரை திருட வந்தவளைக் கொன்றதற்குத் தண்டனை இல்லை என்று அவன் விடுதலையாகிறான். அந்த வரி கசக்கிறது. இறந்த இரு பெண்களுக்கும் இந்தத் தொகுப்பில் குரலே இல்லை என்பதும் கசக்கிறது. பிற்பகுதியில் டென்வரில் அவனுக்கு ஆறுதல் கிடைக்கிறது, நடன மெட்டுகள் வருகின்றன, நெஞ்சு இளகுகிறது. அவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இசையின் அழகை வைத்து இந்தக் குறையை மூடிவிடக் கூடாது என்றே நினைக்கிறேன்.

எனவே அடுத்து நீங்கள் கேட்க வேண்டியது நெல்சனின் 1974-ஆம் ஆண்டுத் தொகுப்பான 'ஃபேஸஸ் அண்ட் ஸ்டேஜஸ்'. ஜெரி வெக்ஸ்லர் தயாரிப்பில், அலபாமாவின் மசில் ஷோல்ஸில் பதிவானது. ஒரு மணமுறிவின் கதை. முதல் பக்கம் முழுவதும் மனைவியின் தரப்பு. பாத்திரம் கழுவியே காலம் போன ஒருத்தி கணவனை விட்டுக் கிளம்புகிறாள், அம்மா வீட்டுக்குப் போகிறாள், மெல்ல மறுபடியும் வெளியுலகத்துக்கு வருகிறாள். இரண்டாம் பக்கத்தில்தான் கணவன் பேசத் தொடங்குகிறான். யாரும் யாரையும் சுடுவதில்லை. பாடல்களைக் கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள், அவள் பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு அவன் பக்கத்துக்குப் போங்கள். கேட்ட பிறகு, எந்தப் பக்கத்தில் கலங்கினீர்கள் என்று எழுதுங்கள்.