மகாலும் செனட் ஹவுஸும்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா 1950களில் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்தவர். பட்டச் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. அதன் முதல் கட்டடம் மெரினாவில் உள்ள செனட் ஹவுஸ் என்கிறார்கள். "வெள்ளைக்காரன் கட்டினதுக்கும் நம்ம மதுரைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்கிறான் என் மகன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரா., திருமங்கலம்

அன்புள்ள ரா.,

நிறையவே இருக்கிறது. 1857ல் தொடங்கியபோது அந்தப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. படிப்பெல்லாம் கல்லூரிகளில். அதனால்தான் 1879ல் செனட் ஹவுஸ் கட்டி முடியும்வரை 22 வருஷம் சொந்தக் கட்டடம் இல்லாமலே தள்ள முடிந்தது. 1966ல் மதுரைப் பல்கலைக்கழகம் வரும்வரை நம்மூர்க் கல்லூரிகளும் அதன் கீழேதான் இருந்தன. உங்கள் தாத்தா படித்த படிப்புக்கு முத்திரை அங்கிருந்து வந்தது.

தம்பிக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேறு. செனட் ஹவுஸைக் கட்டிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம் நம் திருமலை நாயக்கர் மகாலில் வேலை பார்த்தவர். சொக்கநாத நாயக்கர் காலத்தில் பாதிக்கு மேல் பிரித்தெடுக்கப்பட்டு, அப்புறம் கவனிப்பாரில்லாமல் கிடந்த மகாலைச் சீர்செய்ய, 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு ஏற்பாடு செய்தார். அந்தப் பணியில் சிசோமும் இருந்தார். செனட் ஹவுஸ் வேலை 1874ல்தான் தொடங்கியது.

மகாலின் சொர்க்கவிலாச மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். அந்தப் பருத்த தூண்கள், அவற்றை இணைக்கும் வளைவுகள், மேலே கவிந்த குவிமாடம். செங்கல்லின் மேல் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசி, முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்து, கை வழுக்கும் அளவுக்குத் தேய்த்திருக்கிறார்கள். கட்டடக்காரர் ஒருவர் இதைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழுது பார்த்துவிட்டு, ஒன்றும் கற்காமல் போயிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை. செனட் ஹவுஸின் மூலைக் கோபுரங்களிலும் குவிமாடங்களிலும் பல ஊர்ப் பாணிகள் கலந்திருக்கின்றன. எது எங்கிருந்து வந்தது என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது. ஆனால் வரைந்தவர் சிசோம் என்றாலும், அந்தப் பாணி முழுக்க வெளியிலிருந்து வந்ததில்லை. கல்லும் செங்கல்லும் சுமந்து கட்டிய கைகளும் நம்மவர்களுடையவைதான். அதை யாரோ கட்டிவிட்டுப் போனது என்று தள்ளிவிட எனக்கு மனசு வராது.

தம்பியை முதலில் மகாலுக்குக் கூட்டிப் போங்கள். சென்னை அப்புறம் போகலாம்.