அட்டாக்குக்குப் பிறகு எக்கோ: பம்பிங் எண் ஏன் மாறுகிறது? – கேள்வி பதில்

நான் இதய எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படமெடுக்கும் டெஸ்ட், எடுக்கும் டெக்னீஷியன். மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது என் வேலையல்ல, அதை உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள பம்பிங் எண் (இதயத்தில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு, 'ஈ.எஃப்.') எப்படி வருகிறது, ஏன் ஏறி இறங்குகிறது என்பதை என்னிடம் கேளுங்கள்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று பம்பிங் 35. இரண்டு மாதம் கழித்து 47 என்கிறார்கள். முதல் ரிப்போர்ட் தப்பா?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். ரத்தம் போகாமல் நின்றபோது தசையில் ஒரு பகுதி செத்துவிடும், அது மீளாது. அதை ஒட்டிய தசை உயிரோடுதான் இருக்கும். ஆனால் அடைப்பு நீங்கி ரத்தம் வந்த பிறகும் சில நாள், சில வாரம் சரியாக அசையாது. அடிபட்டு மரத்துப்போன கை மாதிரி. 'ஸ்டன்னிங்' என்ற பெயரில் இதை 1982-ல் பிரான்வால்ட், குளோனர் என்ற இரு மருத்துவர்கள் விளக்கி எழுதினார்கள். டிஸ்சார்ஜ் நேரத்து எக்கோவில் செத்த தசையும் மரத்த தசையும் ஒரே மாதிரிதான் தெரியும். மரத்தது விழித்துக்கொண்டால் எண் ஏறும்.

எவ்வளவு ஏறும் என்பது அடைப்பு எவ்வளவு சீக்கிரம் திறக்கப்பட்டது, எந்தக் குழாய் அடைத்தது என்பதையெல்லாம் பொறுத்தது. இதயத்தின் முன்பக்கச் சுவருக்குப் போகும் எல்.ஏ.டி. அடைத்தால் பொதுவாகச் சேதம் பெரிது. கீழ்ச்சுவர் அட்டாக்கில் அந்த அளவு இறங்காது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அட்டாக் வந்த முதல் சில மணி நேரத்தில் நல்ல சுவர்கள் வேகமாக அடித்து ஈடுகட்டும். அப்போது 50 என்று வரும், வீட்டில் எல்லாரும் நிம்மதியாவார்கள். அந்த வேகம் தணிந்ததும் எண் இறங்கிவிடும். அதனால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அதே ரிப்போர்ட்டில் எந்தச் சுவர் அசையவில்லை என்று 'ஆர்.டபிள்யூ.எம்.ஏ.' என்ற வரியில் இருக்கும், அதையும் பாருங்கள்.

கேள்வி: ஒரே வாரத்தில் இரண்டு இடத்தில் எடுத்தோம். ஒன்றில் 40, இன்னொன்றில் 46. எதை நம்புவது?

பதில்: எக்கோவில் ஐந்து, ஆறு புள்ளி வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலர் கண்ணால் பார்த்து மதிப்பிடுவார்கள். அனுபவம் உள்ளவர் பார்த்தால் அது மோசமான வழியல்ல. சிலர் இரண்டு கோணத்தில் படமெடுத்து உள்சுவரைக் கோடு போட்டுக் கணக்கிடுவார்கள், அதற்கு 'சிம்ப்சன்' முறை என்று பெயர். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நெஞ்சில் வைத்துப் படமெடுக்கும் கருவியை (ப்ரோப்) சற்றுத் தள்ளி வைத்தால் இதயத்தின் நுனி படத்தில் வெட்டுப்படும். முன்சுவர் அட்டாக்கில் சேதமே அந்த நுனியில்தான். அது விடுபட்டால் எண் நன்றாக வந்துவிடும்!

அந்த நேரத்து பிபியும் முக்கியம். 180-க்கு எதிராகத் தள்ளும் இதயம் 120-க்குத் தள்ளுவதைப் போல ரத்தத்தை வெளியேற்றாது. அவசரமாகப் படியேறி வந்து உடனே படுத்தவருக்கு பிபி, நாடித் துடிப்பு எல்லாம் ஏறித்தான் இருக்கும். நல்ல ரிப்போர்ட்டில் இந்த இரண்டையும் மேலேயே எழுதியிருப்பார்கள். அடுத்த முறை முடிந்தவரை அதே இடத்தில், அதே முறையில் எடுக்கச் சொல்லுங்கள். எக்கோ எண்ணையும் எம்ஆர்ஐ எண்ணையும் பக்கத்தில் வைத்து ஏறியது, இறங்கியது என்று பேசவே வேண்டாம்.

கேள்வி: வெறும் வயிற்றில் வர வேண்டுமா?

பதில்: சாதாரண எக்கோவுக்கு வேண்டாம். சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: சித்தப்பாவுக்கு டிரெட்மில் டெஸ்டில் 'முடிவு சொல்ல இயலாது' என்று வந்தது. நன்றாகத்தானே நடந்தார்?

பதில்: மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா? 220-லிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடித் துடிப்பு தொட வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. 60 வயதுக்காரருக்கு 136. அந்த மாத்திரையின் வேலையே துடிப்பைக் கட்டுப்படுத்துவது, அதனால் 110-லேயே நின்றுவிடலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம், இன்னொரு அட்டாக்கே வரலாம். புதிதாக அடைப்பு இருக்கிறதா என்று தேடும் டெஸ்ட் என்றால் சில நேரம் டாக்டரே நிறுத்தச் சொல்வார். மருந்தோடு எவ்வளவு தாங்குகிறார் என்று பார்ப்பதற்கென்றால் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

ஈசிஜியில் 'எல்பிபிபி' (இதயத்தின் இடப்பக்க மின்பாதையில் தடை) இருந்தாலோ டிகாக்சின் என்ற இதய மாத்திரை சாப்பிட்டாலோ டிரெட்மில் ஈசிஜியை நம்ப முடியாது. அப்போது ஸ்ட்ரெஸ் எக்கோ (இதயத்தை வேகமாகத் துடிக்க வைத்து எடுக்கும் எக்கோ) அல்லது ஐசோடோப் ஸ்கேன் (கதிரியக்க மருந்து ஏற்றி ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது) செய்வார்கள். இதயக் குழாய்களை விரிக்கும் அடினோசின் என்ற மருந்து போட்டுச் செய்யும் ஸ்கேனுக்கு முன்பு குறைந்தது 12 மணி நேரம் காபி, டீ, கோலா, சாக்லேட் கூடாது. காலைக் காபியை விட மனமில்லாமல் வந்து, டெஸ்ட் நடக்காமல் திரும்புகிறவர்கள் நம் ஊரில் அதிகம்.

கேள்வி: அம்மாவுக்கு உடம்பு பருமன், வீசிங்கும் உண்டு. படம் சரியாகத் தெரியவில்லை என்கிறார்கள்.

பதில்: காற்று நிறைந்த நுரையீரல் குறுக்கே வந்தால் ஒலி அலை உள்ளே போகாது. இடப்பக்கம் திரும்பிப் படுத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால் பாதிப் பேருக்குப் படம் தேறும். அப்படியும் தெரியாவிட்டால் படம் தெளிவாகத் தெரிய உதவும் கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்கலாம், அல்லது எம்ஆர்ஐ. ஸ்டென்ட் இருப்பது எம்ஆர்ஐக்குத் தடையல்ல. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மட்டும் முன்பே சொல்லுங்கள், எம்ஆர்ஐயில் போடும் மருந்தை யோசித்துத்தான் போடுவார்கள்.

கேள்வி: எனக்கு நாடித் துடிப்பு ஒழுங்கற்றது, ஏ.எஃப். என்றார்கள். பம்பிங் ஒவ்வொரு முறையும் வேறு.

பதில்: ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் நிரம்பும் அளவு மாறுவதால் அப்படி. ஒரு துடிப்பை அளந்தால் போதாது, குறைந்தது ஐந்தையாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும். நீங்கள் கேட்டால் செய்வார்கள்.

கேள்வி: பம்பிங் 58. ஆனால் மாமியாருக்குப் படுத்தால் மூச்சுத் திணறுகிறது. எண் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள். அட்டாக்கில் மைட்ரல் வால்வைத் தாங்கும் தசை கெட்டால் வால்வு கசியும். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கு பின்னால் நுரையீரல் பக்கமே போகும். அதையும் வெளியே போனதாகவே இந்தக் கணக்கு சேர்த்துக்கொள்ளும், ஆகவே 58 ஏமாற்றும். இதயத் தசை விறைத்து, விரிந்து நிரம்ப முடியாமல் போனாலும் இதே திணறல் வரும். ரிப்போர்ட்டில் 'எம்.ஆர்.' (மைட்ரல் வால்வுக் கசிவு), 'டயஸ்டாலிக்' (இதயம் விரிந்து நிரம்புவது) என்ற வரிகளோடு இன்றே டாக்டரிடம் போங்கள். படுக்கவே முடியாத அளவு திணறினால் நேராக அவசரப் பிரிவுக்கு.

கேள்வி: அட்டாக் வந்து மூன்று வாரம். பம்பிங் 30. நெஞ்சில் ஐசிடி கருவி (ஆபத்தான துடிப்பு வந்தால் ஷாக் கொடுத்துச் சரிசெய்வது) வைக்க வேண்டுமா?

பதில்: பம்பிங் குறைவு என்ற காரணத்துக்கு மட்டும் என்றால், வழக்கமாக அட்டாக் முடிந்து 40 நாளாவது பொறுப்பார்கள். ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்திருந்தால் மூன்று மாதம். மருந்தை முழுதாகக் கொடுத்து மறுபடி எக்கோ எடுத்து, அப்போதும் 35 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் கருவிப் பேச்சு. முன்கூட்டியே வைத்துப் பார்த்த 'டினாமிட்' ஆய்வில் (2004) மொத்த இறப்பு குறையவில்லை. ஆனால் ஆபத்தான துடிப்புக் கோளாறு ஏற்கெனவே வந்திருந்தால் இந்தக் காத்திருப்புக் கணக்கு பொருந்தாது.