மரவீடா, கான்கிரீட் வீடா?

கேள்வி: மொரீஷியஸ் தீவின் கியூர்ப்பிப் நகரில் தகரக் கூரையுடைய பழைய மரவீடு ஒன்றும், ரோஸ்ஹில் நகரில் மொட்டைமாடியுடன் கூடிய கான்கிரீட் வீடு ஒன்றும் ஏறத்தாழ ஒரே விலைக்கு வந்துள்ளன. என் மனைவிக்கு மரவீட்டின் தாழ்வாரம் பிடித்திருக்கிறது. எதை வாங்கலாம் ஐயா?

பதில்: 1960ஆம் ஆண்டில் அலிக்ஸ், கரோல் என்னும் இரு புயல்கள் அடுத்தடுத்துத் தாக்கி ஏராளமான மர, தகர வீடுகளை வீழ்த்திய பிறகே மொரீஷியஸ் மக்கள் பெருமளவில் கான்கிரீட்டுக்கு மாறினார்கள், ஆகவே மரவீட்டில் முதலில் பார்க்க வேண்டியது தாழ்வாரத்தின் அழகு அன்று, கூரைச் சட்டங்கள் சுவரோடு இரும்புப் பட்டைகளால் பிணைக்கப்பட்டுள்ளனவா, தூண்களின் அடியைக் கரையான் அரித்துள்ளதா என்பவையே. கான்கிரீட் என்றவுடன் கவலையில்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். மழை பெய்த மறுநாள் சென்று மொட்டைமாடியில் நீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உட்கூரையில் துருநிறக் கோடுகள் தெரிந்தாலோ, தட்டும்போது பொள்ளலான ஒலி கேட்டாலோ, உள்ளிருக்கும் கம்பிகள் துருப்பிடித்துப் பருத்துக் காரையை வெளியே தள்ளத் தொடங்கியிருக்கக்கூடும். விற்பவர் அண்மையில் அடித்த வெள்ளையைக் கண்டு மயங்காதீர்கள். மேட்டுநிலமான கியூர்ப்பிப்பில் மழையும் ஈரமும் மிகுதி. நம் தீவில் குளிர்காலத்து வெயில் வடக்கிலிருந்து விழுவதால், படுக்கையறைகள் அத்திசையை நோக்கியிராவிட்டால் சுவரெங்கும் பூஞ்சணம் படரும். கூரை உலர்ந்திருக்குமானால் ரோஸ்ஹில் வீட்டையே நான் தேர்வேன். தாழ்வாரத்தைப் பின்னர் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம்.