கூலி ஏறியும் கை வற்றுவது ஏன்?

கூலி ஏறியும் கையில் காசு நிற்கவில்லையே, ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். விலைவாசியோடு ஒப்பிட்டால் உங்கள் கூலி ஏறவில்லை, உண்மையில் இறங்கியிருக்கிறது. கையால் தரை ஓடு செய்யும் ஆத்தங்குடிக் கல் பட்டறையில் 2016-இல் நாளுக்கு 500 ரூபாய், 2024 டிசம்பரில் 680 என்கிறீர்கள். தொழிலாளர் குடும்பங்கள் வாங்கும் பொருட்களின் விலை எவ்வளவு ஏறியது என்று காட்டுவது தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். அது 2016-இல் 100. 2024 டிசம்பரில் 143.7. பழைய 500-க்கு ஈடாகவே 718 ரூபாய் வேண்டும். நாளுக்கு 38 ரூபாய் குறைகிறது.

மத்திய அரசு வேலையில் இருக்கும் மைத்துனர் மட்டும் எப்படித் தப்பித்தார் என்று கேட்டீர்கள். இதே குறியீட்டை வைத்து அவருக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. உங்களுக்கோ முதலாளி மனம் வைத்தால்தான். கண்ணாடிமேல் சாயம் ஊற்றிப் பூ எழுப்பும் உங்கள் கைத்திறனில் ஒரு குறையும் இல்லை.

ஒன்று செய்யுங்கள். மூன்று மாதம் வாங்கிய கூலியை நோட்டில் எழுதி, வேலை செய்த நாட்களால் அல்ல, எல்லா நாட்களாலும் வகுத்துப் பாருங்கள். ஐப்பசி மழையில் பட்டறை சும்மா கிடந்த நாட்கள் அப்போதுதான் தெரியும். உங்கள் வேலைக்குரிய குறைந்தபட்சக் கூலியைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

143.7 என்பது அகில இந்திய சராசரி. காரைக்குடி வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதைவிட ஏறியிருந்தால் இழப்பு இன்னும் பெரிது.