திரை வராத லேப்டாப்: ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

கேள்வி: என் விண்டோஸ் லேப்டாப்பை ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுக் காலையில் ஆன் செய்தால் பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால் இரண்டாவது, மூன்றாவது தடவையில் வந்துவிடுகிறது. பிறகு நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. ஒருமுறை 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்றும் வந்தது. சர்வீஸ் செய்பவர் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதல் தடவை மட்டும் மக்கர் செய்து, அப்புறம் நாள் முழுக்க ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விண்டோஸ் கெட்டுப்போயிருந்தால் இப்படி நடப்பது அரிது.

என் முதல் சந்தேகம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' மேல்தான். விண்டோஸ் 8 முதல் இருக்கும் வசதி இது. இது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக மூடுவதில்லை. நீங்கள் திறந்து வைத்த புரோகிராம்களை மூடிவிட்டு, கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் (திரை, கீபோர்டு போன்ற பாகங்களை இயக்கும் சிறு புரோகிராம்கள்) இருந்த நிலையை டிஸ்க்கில் ஒரு ஃபைலாக எழுதி வைத்துக்கொள்கிறது. காலையில் அதையே மறுபடி ரேமில் ஏற்றுகிறது. சீக்கிரம் ஆன் ஆவது இதனால்தான். அப்படி ஏற்றும்போது டிஸ்ப்ளே டிரைவர் சரியாக எழுந்திருக்காவிட்டால், உள்ளே எல்லாம் ஓடும், திரை மட்டும் வராது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தபின் பெரும்பாலும் அந்தப் பழைய நிலை கைவிடப்பட்டு விண்டோஸ் புதிதாக ஏறுகிறது, அதனால் வந்துவிடுகிறது. தொடர்ந்து பாதியில் அணைந்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். ஆகவே அந்த அறிவிப்பை மட்டும் வைத்து சிஸ்டம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

இதைச் சோதிப்பது சுலபம். ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் சரியாக வருகிறதா பாருங்கள். ரீஸ்டார்ட்டில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வேலை செய்யாது. (ஷட் டவுன்தான் முழுமையானது என்று பலரும் நினைக்கிறார்கள், இங்கே நிலைமை நேர்மாறு.) அடுத்து, சில நாள் ராத்திரியில் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள். அப்படிச் செய்தால் முழுசாக அணையும். காலையில் தொல்லையில்லாமல் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்தில் 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கிராஃபிக்ஸ் டிரைவரையும் புதுப்பித்துவிடுங்கள்.

அதற்கும் சரியாகவில்லையா? திரை கறுப்பாக இருக்கும்போதே கேப்ஸ் லாக் கீயைத் தட்டுங்கள். அதன் சின்ன விளக்கு எரிந்து அணைந்தால் மெஷின் உயிரோடு இருக்கிறது, கோளாறு திரைப் பக்கம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி-யை (B) அழுத்தினால் டிஸ்ப்ளே டிரைவர் மறுபடி தொடங்கும். வரவில்லையென்றால், அறையை இருட்டாக்கித் திரைமேல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாக லோகோவோ எழுத்தோ தெரிந்தால் போனது பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் விளக்கு. எச்டிஎம்ஐ-யில் வேறொரு திரையை மாட்டி, அதில் படம் வருகிறதா என்றும் பார்க்கலாம்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லையென்றால், விண்டோஸ் வரைக்கும் போகாமலேயே நின்றிருக்க வாய்ப்பு அதிகம். சார்ஜரையும் யுஎஸ்பி-யில் மாட்டிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். அடுத்த சந்தேகம் ரேம். அதைக் கழற்றிச் சரியாக உட்கார வைத்தாலே பல லேப்டாப்கள் எழுந்துவிடும். ஆனால் பின்மூடியைத் திறந்து பழக்கமில்லையென்றால் அதைச் சர்வீஸ் செய்பவரிடம் விடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜே போடாதீர்கள்.

எதைச் செய்வதற்கும் முன்னால், லேப்டாப் நன்றாக ஓடும் இன்றைக்கே முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். ஏனென்றால் டிஸ்க் பழுதாகத் தொடங்கினாலும் சில சமயம் இதே மாதிரி தொந்தரவு வரும். அப்படிப்பட்ட டிஸ்க்கில் ஃபைல்களைக் காப்பி எடுக்காமல் செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி) ஓட்டுவது ஆபத்து. கூடவே பிட்லாக்கர் (டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து, அதாவது சாவியில்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெகவரி கீயையும் பாருங்கள். அது 48 இலக்க எண். புதிய லேப்டாப்களில் பலருக்கும் தெரியாமலே டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பு) ஏதாவது மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ அந்தக் கீயைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தால் பெரும்பாலும் அங்கே இருக்கும். காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்ட பிறகு லேப்டாப்பைச் சர்வீஸுக்குக் கொடுங்கள்.