மாஞ்சா நூல் சுற்றி விழுந்த பருந்துக்கு என்ன முதலுதவி?

மொட்டைமாடியில் மாஞ்சா நூல் சுற்றி விழுந்து கிடக்கும் பருந்தை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சிறகில் புதைந்த நூலை இழுக்காதீர்கள். கண்ணாடித்தூள் பூசிய அந்நூல் இழுக்க இழுக்கத் தசையை அறுத்துக்கொண்டே போகும் என்பதால், வெளியே தொங்கும் பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, மீதியைக் கால்நடை மருத்துவரிடம் விட்டுவிடுவதே நல்லது. தடித்த துண்டால் தலையோடு சேர்த்துப் போர்த்தினால், கண் மறைந்ததும் பறவை பெரும்பாலும் அடங்கிவிடும். அலகைவிட நகங்களுக்கே அஞ்ச வேண்டும். கால்களைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடுங்கள். இரக்கப்பட்டு வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் கெடுதல்: பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருப்பதால், ஊற்றிய நீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். பால்சோறும் வேண்டாம். தாமதிக்காமல் வனத்துறைக்கோ, சென்னையெனில் வேளச்சேரி சாலையிலுள்ள புளூ கிராஸ் விலங்குநல அமைப்புக்கோ தெரிவியுங்கள்.