அம்மா வழியில் வரும் சர்க்கரையும் காது மந்தமும்

கேள்வி: எனக்கு வயது 44. உயரம் 149 செ.மீ., எடை 42 கிலோ. 39 வயதில் சர்க்கரை வந்தது. காது மந்தம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும் போடுகிறேன். அடிக்கடி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இதே சர்க்கரை, இதே காது மந்தம். தறிச் சத்தத்தில் காது போனது என்கிறார்கள். நான் மாமன் மகனைக் கட்டியதால் பிள்ளைகளுக்கும் வரும் என்றும் சொல்கிறார்கள். மகளுக்கு 22, மகனுக்கு 19 வயது. அண்ணன் வீட்டோடு பெண் கொடுத்து எடுக்கப் பேச்சு நடக்கிறது. என்ன செய்வது?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: மெலிந்த உடம்பில் சர்க்கரை, அதற்கு முன்பே காது மந்தம், அம்மா வழியில் மூன்று பேர். இவை ஒன்றாக வந்தால் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் கோளாறால் வரும் சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குத்தான் இது இருக்கும். அதனால் சாதாரண இரண்டாம் வகை என்று சீட்டில் எழுதிவிடுவது எளிது. பரிசோதிக்காமல் நானும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நம் மரபணுக்கள் பெரும்பாலும் குரோமோசோம்களில் இருக்கின்றன. அவை அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கோ சொந்தமாக ஒரு சிறு டிஎன்ஏ உண்டு: 37 மரபணுக்கள், 16,569 எழுத்துகள். கருமுட்டையில் அதன் பிரதிகள் லட்சக்கணக்கில் இருக்கும். விந்தணு கொண்டுவரும் கொஞ்சமும் முட்டைக்குள் அழிக்கப்பட்டுவிடும். ஏற்காட்டு வீட்டு வாசல்களில் பூக்கும் அந்திமந்தாரையில் சில செடிகளின் இலை பச்சையும் வெள்ளையுமாகக் கலந்திருக்கும். மகரந்தம் எந்தச் செடியினுடையதாக இருந்தாலும், விதை விளைந்த கிளையைப் பொறுத்துத்தான் நாற்றின் நிறம் அமையும் என்று கார்ல் காரென்ஸ் 1909-லேயே காட்டினார். அங்கே பச்சையம் தாங்கும் பசுங்கணிகம், இங்கே மைட்டோகாண்ட்ரியா. இரண்டும் தாய்வழிச் சொத்து.

நான் சந்தேகிப்பது இந்தச் சிறு டிஎன்ஏவின் 3243-ஆம் இடத்தில் ‘ஏ’ என்ற எழுத்து இருக்க வேண்டியதற்குப் பதில் ‘ஜி’ வந்துவிடும் பிழையை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களும் உட்காதின் செல்களும் சக்தியை அதிகம் செலவழிப்பவை. அடி முதலில் அங்கேதான் விழும்.

இனி கல்யாணக் கணக்கு. நீங்கள் மாமன் மகனைக் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அசலில் கட்டியிருந்தாலும் இதே பங்குதான் பிள்ளைகளுக்குப் போயிருக்கும். அண்ணனிடம் நோய் இருந்தாலும் அவர் பிள்ளைகளுக்குப் போகாது. அவர்கள் அண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவோடு பிறந்தவர்கள். ஆகவே உங்கள் மகன் அண்ணன் மகளைக் கட்டினால், பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கோளாறு வராது. உங்கள் மகள் அண்ணன் மகனைக் கட்டினாலும் வேறு யாரைக் கட்டினாலும் அவளிடம் இருப்பது அவள் பிள்ளைகளுக்குப் போகும். நம் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டும் வழக்கம் இருக்கிறதே, அதில் மணமகளும் அதே தாய்வழி என்பதால் இது தொடரும். சொந்தத்தில் கட்டுவதால் கூடும் வேறு பரம்பரை நோய்கள் உண்டு. அது தனிக் கணக்கு.

போகும் என்றால் எவ்வளவு போகும் என்பதுதான் சிக்கல். ஒரே செல்லில் நல்ல பிரதியும் பிழையான பிரதியும் கலந்திருக்கும். முட்டை உருவாகும்போது அதிலிருந்து ஒரு சிறு கூறுதான் கடந்துபோகிறது. அதனால் பிழையான பிரதி ஒரு பிள்ளைக்கு 10 சதவீதம், இன்னொன்றுக்கு 60 சதவீதம் என்று விழலாம். குறைவாக இருப்பவருக்கு ஆயுள் முழுதும் ஒன்றும் தெரியாமலே போகலாம். அதிகம் இருப்பவருக்கு இளவயதிலேயே வலிப்பும் பக்கவாதம் போன்ற பாதிப்பும் வரலாம். இதற்காகத் தாயைப் பழிப்பது அநியாயம். உங்கள் அம்மாவோ நீங்களோ எதையும் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை.

காதைப் பொறுத்தவரை தறியையும் முழுதாக விட்டுவிட முடியாது. கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுங்கள். சத்தத்தால் கெட்ட காதில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழும். மைட்டோகாண்ட்ரியாக் கோளாறில் உயர் ஸ்வரங்கள் முதலில் சரிந்து, இரு காதிலும் கோடு சாய்வாக இறங்கும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தறிக் கூடத்தில் காதடைப்பான் கட்டாயம்.

மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் மட்டும் கொடுத்து ஏமாந்துபோகாதீர்கள். இந்தப் பிழை ரத்த செல்களில் வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். உங்கள் வயதில் ‘இல்லை’ என்று தவறாக வரலாம். சிறுநீரில் உதிரும் செல்களில் நன்றாகத் தெரியும். எனவே சிறுநீர் மாதிரி வேண்டும் என்று கேளுங்கள். பிழையான பிரதி 20 சதவீதத்துக்குக் கீழ் இருப்பதையும் பிடிக்கும் முறைதானா என்றும் விசாரியுங்கள்; டிஎன்ஏ எழுத்துகளைப் படிக்கும் பழைய சாங்கர் முறை அதைத் தவறவிடலாம். சேலத்தில் எடுத்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புவார்கள் என்றால், சிறுநீர் கெடாமல் போய்ச் சேர என்ன ஏற்பாடு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே உடம்பில் இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும் சி-பெப்டைடு, முதல் வகைச் சர்க்கரையா என்று அறிய உதவும் காட் ஆன்டிபாடி, லாக்டிக் அமிலத்தின் அளவைக் காட்டும் லாக்டேட் மூன்றையும் ரத்தத்தில் பாருங்கள்.

மெட்ஃபார்மினை இன்றே நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவின் வேலையையே தடுக்கும் மருந்து. இந்தக் கோளாறில் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து இருப்பதால் அதைத் தவிர்க்கிறோம். இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சில காலம் உதவும். பலருக்குச் சில ஆண்டுகளில் இன்சுலின் தேவைப்படும். மருந்து மாறும் வரை, வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகம் மூன்றும் சேர்ந்து வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நாள் முழுக்கப் பட்டினி விரதம் வேண்டாம். கிருமித் தொற்றுக்குப் போடும் ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் காதை மேலும் கெடுக்கும். வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரையும் ஆகாது. இவற்றைத் தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள், எந்த மருத்துவமனையானாலும் காட்டுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை ஈசிஜி, எக்கோ, விழித்திரை, சிறுநீரில் அல்புமின். அண்ணனுக்கும் இவை எல்லாம் வேண்டும். காது மிகவும் கெட்டுவிட்டால் உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி இந்த நோயில் நன்றாகவே பலன் தருகிறது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்களுக்குப் பிழை உறுதியானால் மகளும் மகனும் மரபணு ஆலோசகரைப் பார்த்து, பரிசோதித்துக்கொள்வதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மகள் கருத்தரிக்கும் முன் சர்க்கரை, இதயம், சிறுநீரகம் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறருடைய கருமுட்டையில் குழந்தை பெற்றால் இது தொடராது. அதையும் ஆலோசகர் விளக்குவார். மகனிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகாது என்பதற்காக அவனை விட்டுவிட வேண்டாம். சர்க்கரையும் காதும் அவனுக்கும் கெடலாம், இப்போதே ஒரு ஆடியோகிராம் எடுத்து வையுங்கள்.